காலையில் போகும் முதல் படம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து, "இந்த அம்மா நம்மையே நோட்டம் விடுதாளே" என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது. திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருமுனைக் கடையில் கால் கிலோ அல்வா வாங்கினாலும், தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் இலையை வைக்கச் சொல்வேன். கடைக்கார அண்ணாச்சிக்கு என் மேல் கோபமே கிடையாது. நான் படியேறும்போதே தராசை என் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்.

நீங்கள் புதிதாக வந்திருக்கும் வேலையும் தராசு பார்க்கிற வேலைதான். யாரோ ஒருவர் ஒரு வலையமைப்பைக் கட்டுகிறார், யாரோ ஒருவர் அதை வாங்குகிறார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இது சொன்ன வேகத்தில் ஓடுகிறதா, கூட்டம் வந்தால் தாங்குமா என்று அளந்து கையெழுத்துப் போடுவது நம் வேலை. எண் மோசமாக வந்தால் பதறாதீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்பட்டுவிடும். எண் ரொம்ப அழகாக வந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஆற்றோரமாக அம்பாசமுத்திரம் வரைக்கும் அதற்குச் சின்னச் சின்னக் கிளைகள். எல்லாவற்றையும் சேர்த்து, மென்பொருளே ஆட்டிவைக்கும் புது மாதிரி வலையமைப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் பாணியில் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் ஒருவன் நிற்பான். அவனுக்குச் சொந்த புத்தி கிடையாது. ஒரு குடும்பத்து ஆள் முதன்முதலில் வந்ததும், உள்ளே ஓடிப் போய் மாமாவிடம், "இவங்கள எங்கன உக்கார வைக்க?" என்று கேட்டு வருவான். அதுவரை வந்தவர் நிற்க வேண்டியதுதான். அதே குடும்பத்தில் அடுத்தடுத்து வருகிறவர்களைக் கேள்வியில்லாமல் உள்ளே விட்டுவிடுவான். அந்தக் குடும்பத்தில் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லையென்றால் மறந்துபோவான், மறுபடி ஓடுவான். வாசலில் நிற்கிறவன்தான் ஸ்விட்ச், வந்த தகவலை வழி திருப்பிவிடும் பெட்டி. உள்ளே இருக்கும் மாமாதான் கன்ட்ரோலர். மாமா சொல்லி அனுப்புவதை நாம் விதி என்கிறோம்.

ஆகவே இந்த மாதிரி வலையமைப்பில் சந்தேகப்பட வேண்டியது முதலில் வருகிற ஆள் படும் பாட்டை. அதைவிட, எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் மாமா என்ன ஆவார் என்பதை. அதனால்தான் அளக்கும் முன் கொஞ்ச நேரம் எதையும் அனுப்பாமல் சும்மா போட்டுவையுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். பழைய விதிகள் எல்லாம் மறந்துபோன பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

இனி, அந்த வேலையில் என்ன ஆபத்து இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிளையில் மூளை ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் உண்டு. படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வயதான டாக்டர் அங்கேயே இருந்தார். நான் சான்று கொடுத்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமை திறப்பு விழா, அன்றிலிருந்து அவர் வரமாட்டார். படம் கம்பி வழியாக வண்ணார்பேட்டைக்குப் போகும், அங்கிருந்து பார்த்துச் சொல்வார்கள். பக்கவாதத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று தெரியாமல் மருந்தைத் தொட முடியாது. மாற்றிக் கொடுத்தால் ஆள் போய்விடும். தாமதித்தால் கை கால் போய்விடும்.

அந்தக் கிளையின் டாக்டர் செல்வராணி, சின்னப் பெண். ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, நீங்க கையெழுத்துப் போட்டா திங்கக்கெழமையிலேருந்து நான் ஒத்தையாளு. படம் போய்ச் சேரலேன்னா நான் யாருகிட்ட போய் நிப்பேன்?"

"இப்ப போவுதா இல்லையா?"

"போவுது. ஆனா சில நாளு காலம்பற இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நீங்க அளக்குற அன்னிக்கு மட்டும் சொன்ன பேச்சு கேக்குது."

நான் அளக்கிற அன்றைக்கு மட்டும்! இந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

அதற்கு முன்பே இரண்டு தடவை அளந்திருந்தேன். ஒவ்வொரு கிளையின் ஸ்கேன் கணினியிலிருந்தும் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று பார்த்தேன். இரண்டு தடவையும் எண்கள் இஸ்திரி போட்ட மாதிரி வந்தன. முதல் படமும் இரண்டாவது படமும் ஒரே வேகம். அம்பாசமுத்திரமும் பக்கத்துத் தெருவும் ஒரே வேகம். எங்கே போயிற்று அந்த முதல் ஆள் படும் பாடு? நிஜமாக ஓடுகிற எதிலும் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இது யாரோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

யாரைச் சந்தேகப்படுவேன்? வலையமைப்பை விற்ற சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், கார்த்திக் என்று பெயர். எந்நேரமும் சிரிப்பு. நான் கேட்பதற்கு முன்னால் டீ வரவழைப்பான். கேட்காமலே டீ வாங்கித் தருகிறவனை நான் நம்புவதே இல்லை. இரண்டாவது தடவை அளந்தபோது, "தம்பி, ஃபோனை மேசையில வச்சிட்டு வெளிய உக்காருங்க" என்று அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அப்போதும் அதே வழவழப்பு.

செல்வராணி பேசிய மறுநாள், கன்ட்ரோலரின் உள்ளே போய், எந்த விதி எப்போது வந்தது என்ற பதிவைப் பார்த்தேன். நான் இரண்டாவது தடவை அளக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே, எல்லாக் கிளைகளுக்கும் ஸ்கேன் படத்துக்கான விதிகள் தயாராக உட்கார்ந்திருந்தன. யாரும் வராத பந்திக்கு மாமா முன்கூட்டியே இலை போட்டு வைத்திருக்கிறார்! எனக்கு ரத்தம் கொதித்தது. கார்த்திக்கைக் கூப்பிட்டேன்.

"என்ன தம்பி இது? கேள்வித்தாளை முன்னாடியே குடுத்துட்டு எனக்கு மார்க் ஷீட்டைக் காட்டுறீங்களா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா நான் போடல மேடம். நான் கையால போட்டா அதுல என் பேரு நிக்கும். இது தானா வந்த விதி, பாருங்க. யாரோ நிஜமாவே படம் அனுப்பியிருக்காங்க."

"யாரு அனுப்புவா? அளக்குறதுக்கு முன்னால எதையும் அனுப்பக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேனே."

"எனக்குத் தெரியல மேடம்."

பார்த்தேன், அவன் பெயர் இல்லைதான். ஆனால் அதற்காக அவனை நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பெயர் வராமல் செய்யத் தெரியாதவனா அவன்? இன்றைக்கும் அந்தச் சந்தேகத்துக்காக நான் வருத்தப்படவில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம் தொழிலில் புத்தி தடுமாறுகிற இடம் இதுதான். ஒருவன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் மனது அங்கேயே பந்தல் போட்டு உட்கார்ந்துவிடும். நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: நான் எப்போது அளப்பேன் என்பது யார் யாருக்குத் தெரியும்? இரண்டே பேருக்கு. ஒருவன் கார்த்திக். இன்னொருவர் ஆஸ்பத்திரி மேனேஜர் ஆசீர்வாதம் சார்.

ஆசீர்வாதம் சாரை நினைத்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. பாளையங்கோட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பைய நடக்கிற நடை. பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நிஜமாகவே நம்புகிறவர். ஆனால் சந்தேகத்துக்கு வெட்கம் எதற்கு? வியாழக்கிழமை இருவருக்கும் வேறு வேறு நேரம் சொன்னேன். கார்த்திக்கிடம், "நாளைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றேன். ஆசீர்வாதம் சாரிடம், "நாளைக்குப் பதினோரு மணிக்கு" என்றேன். எந்த நேரத்துக்கு முன்னால் படம் போகிறதோ, அந்த நேரத்தைக் கேட்டவர்தான் ஆள். நான் அளக்கப் போவதாகவே இல்லை. விடிந்ததும் பஸ் ஏறி, யாரிடமும் சொல்லாமல் அம்பாசமுத்திரம் கிளைக்குப் போய்விட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வராணி என்னைப் பார்த்துத் திகைத்தாள். "யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். நான் எதிர்பார்த்து வந்தது பதினோரு மணியை. ஆனால் அதற்கு வெகு நேரம் முன்பே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

மலை மேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டு இறங்கி வந்து கீழே வாடகை வீட்டில் இருந்த ஒரு அம்மா. காலையில் எழுந்து வாசல் தெளிக்கும்போது சரிந்து விழுந்திருக்கிறாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கிப்போயிருந்தது. கூட வந்த மகள், "நேத்து ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாவ டாக்டரம்மா, நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாவ" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். படம் அனுப்பினார்கள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அந்த நேரம் எல்லாக் கிளைகளும் திறக்கிற நேரம். சீட்டுப் போடுகிற கணினி, மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனை என்று எல்லாம் இரவு முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு ஒன்றாகக் கண் விழிக்கிறது. எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் பந்தி வாசலில் வந்து இறங்கி, உள்ளே ஒற்றை மாமாவைப் பிடித்து உலுக்குகிறது. அவர் யாருக்குத்தான் பதில் சொல்வார்? வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது. "மீண்டும் முயலவும்" என்று வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி சுற்றியது. என் வாழ்நாளில் எத்தனையோ தாமதங்களை அளந்திருக்கிறேன். ஒரு மனுஷியின் கோணிய வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தது அன்றைக்குத்தான்.

நல்லவேளையாக, படம் பார்த்துச் சொல்லும் அந்த வயதான பெரிய டாக்டர் பையோடு உள்ளே நுழைந்தார். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. இயந்திரத்தின் திரையிலேயே குனிந்து பார்த்தார். "கசிவு இல்ல, அடைப்புத்தான். மருந்தைக் குடு" என்றார். செல்வராணி மருந்தேற்ற ஓடினாள். எல்லாம் ஆன பிறகு, வெகு நேரம் கழித்து, படம் வண்ணார்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் ஒரு பச்சை டிக் விழுந்தது.

செல்வராணி கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். அழவில்லை. "அடுத்த வெள்ளிக்கெழம அவரு இருக்க மாட்டாரு அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிக்குச் சற்று முன்னால் ஸ்கேன் அறை ஃபோன் அடித்தது. ஸ்கேன் எடுக்கிற பெண் ஒலிபெருக்கியைப் போட்டாள். ஆசீர்வாதம் சாரின் குரல், வகுப்பறையில் கேட்கிற அதே கணீர்க் குரல்.

"ஏளா, அந்தப் பழைய படத்த ஒரு தடவ அனுப்பிரு. அந்தம்மா இன்னும் செத்த நேரத்துல அளக்கப் போறாங்க. முதல் தடவ திக்கும், அதை நாமளே அனுப்பித் தீத்துக்கிடணும். நம்ம ஆஸ்பத்திரி மானம் போயிரக் கூடாது, கேட்டியா? மத்த கிளைக்கெல்லாம் சொல்லியாச்சு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் ஃபோன் பக்கம் குனிந்தேன்.

"சார், அந்தம்மா இங்கனதான் இருக்கேன்."

மறுபக்கம் ஃபோனை வைக்கும் சத்தம் கேட்டது.

அன்று மதியமே வண்ணார்பேட்டையில் அவர் அறையில் போய் உட்கார்ந்தேன். கார்த்திக்கும் இருந்தான். நான் கத்துவேன் என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். கத்தத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தில் திருட்டு முழியே இல்லை. நிஜமாகவே விளங்காத முகம்.

"நான் என்ன தப்பு செஞ்சிட்டேன்னு சொல்லுதிய? இன்ஸ்பெக்டர் வாரார்னா, கேக்கப் போற கேள்விய முந்தின நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தான செய்வோம்? முப்பது வருசமா நான் அதைத்தான செஞ்சேன்? ஒரு பயகூட ஆபீசர் முன்னால திக்கினதில்ல."

"அனுப்பக் கூடாதுன்னு சொன்னேனே சார்."

"சொன்னிய, இல்லைங்கல. ஆனா ஒரு தடவ கூடவா?"

வழக்கமான திருட்டு என்றால் எனக்குப் பிடிக்கத் தெரியும். வந்தவர்கள் முன்னால் நம் வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று கூட்டி வைக்கிற மனுஷரை எந்தக் கருவியால் அளப்பேன்? பள்ளிக்கூடத்தில் படித்த நாம் அத்தனை பேரும் அந்த இன்ஸ்பெக்ஷன் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே? பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு என்று பழக்கி வைத்து, வலது கைக்காரனை மட்டும் எழுப்புவார்கள். நானே இடது கையைத் தூக்கியிருக்கிறேன்.

காலையில் வந்த அந்த அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். வட்டம் சுற்றியதைச் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"சார், நான் வாரதுக்கு முன்னால நீங்க ஃபோன் பண்ணிச் சொல்லிட்டிய. அந்தம்மா விழுகிறதுக்கு முன்னால யாரு ஃபோன் பண்ணிச் சொல்லுவா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவரே ஃபோனை எடுத்து, திங்கட்கிழமை திறப்பு விழா இல்லை, பந்தல்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். பெரிய டாக்டரை, நான் சான்று கொடுக்கும் வரை தொடர்ந்து வரச் சொல்லவும் ஏற்பாடு செய்தார். மேலிடத்திலிருந்து அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குப் பின்னால்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கார்த்திக் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான். ஸ்கேன் படம் போகும் பாதைக்கு மட்டும், யாரையும் கேட்கத் தேவையில்லாத, மறந்தும் போகாத நிரந்தர விதிகளைப் போட்டான். இந்தத் தடவை அவன் பெயரோடு. இன்னொரு கன்ட்ரோலரையும் பக்கத்தில் நிறுத்தி, காலை நெரிசலை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தான். வேலை முடிந்த அன்று டீ வரவழைத்தான். குடித்தேன்.

"மறுபடி எப்ப அளக்க வாரியன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிராதிய" என்றார் ஆசீர்வாதம் சார். "தெரிஞ்சா என் வாய் சும்மா இருக்காது."

சொல்லாமல்தான் போனேன். காலையில் கதவு திறக்கிற நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு கிளையாக. எண்கள் இப்போது முன்னே பின்னே இருந்தன. சிலது கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருந்தன. எனக்கு அதைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. எல்லாம் சொன்ன அளவுக்குள் அடங்கியிருந்தன. ஆனாலும் கையெழுத்துப் போடாமல் சான்றைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். நிஜமான சீக்காளியின் படம் ஒன்று, காலையில், முதல் படமாகப் போகட்டும் என்று காத்திருந்தேன். கார்த்திக் தினமும் கேட்டான். நான் தினமும் "பாப்போம் தம்பி" என்றேன். வேண்டுமென்றே இழுக்கிறேன் என்று அவன் நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும், அவனுக்கும் கொஞ்சம் சந்தேகம் பழகட்டும்.

ஒருநாள் காலையில், நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வராணி கூப்பிட்டாள். குரலில் மூச்சு வாங்கியது.

"அக்கா, போயிருச்சு! காலம்பற முதல் படம். நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள அங்கேருந்து கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. மருந்து குடுத்தாச்சு. சீக்காளி இப்ப கையை அசைக்காரு அக்கா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பழக்கம் விடுமா?

"அதுக்கு முன்னால யாராச்சும் ஃபோன் பண்ணினாங்களா?"

கொஞ்சம் தயங்கினாள். "ஆமாக்கா, பண்ணினாங்க."

கையிலிருந்த காய்கறிப் பையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "யாருளா?"

"அந்தச் சீக்காளியோட பொஞ்சாதி. 'இவருக்கு வாய் கோணுது, தூக்கிட்டு வாரோம், தொறந்திருக்குமா'ன்னு அழுதாவ."

கைப்பையிலிருந்து சான்றை எடுத்து, கத்தரிக்காய்க் கூடையின் விளிம்பில் வைத்தே கையெழுத்துப் போட்டேன்.